முறுக்குப் பொட்டலத்தின் மேல் மூன்று வரி

சிங்கப்பூரில் என்னை முதலில் சந்தேகப்பட்டது மனிதர் இல்லை, ஒரு சின்னக் கண்ணாடி. குடிநுழைவு மேசையில் இரண்டு கட்டைவிரல்களையும் அதன்மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் சிவப்பு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனவன் நான். ரேகையில் பாதி அங்கேயே தேய்ந்துபோயிற்று. இதை அந்த மலாய் அதிகாரிக்கு எந்த மொழியில் சொல்வது? "ரிலாக்ஸ் அங்கிள்" என்று அவர் ஒரு மெல்லிய தாளை நீட்டினார். அழுத்தித் துடைத்தேன். பச்சை எரிந்தது. ஆனாலும் அது என்னைப் போகவிட்டதே தவிர நம்பவில்லை என்றுதான் பட்டது.

அடுத்த பயம் பெட்டியைப் பற்றி. உள்ளே இரண்டு கைலிகளுக்கு நடுவில் இரண்டடிக்கு ஒன்றரையடியில் தங்க நிறச் சட்டம் போட்ட வாழ்த்து மடல் இருந்தது. இதென்ன என்று கேட்டால்? யாரும் கேட்கவில்லை. கேட்காதது அதைவிடக் கவலையாக இருந்தது.

எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, பணி ஓய்வு, புதுக் கார் என்று எது நடந்தாலும் மேடையில் ஒருவர் வாழ்த்து மடல் வாசித்து, சட்டம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விழா நடந்ததாகவே கணக்கில்லை. அதை எழுதிக் கொடுப்பது என் தொழில். பெயருக்கு மட்டும் இடம் விட்டுப் பதினான்கு மாதிரிகள் வைத்திருக்கிறேன். ஒருமுறை மாதிரியை மாற்றி எடுத்துவிட்டு, ஒரு தலைமையாசிரியை அம்மாளின் பணி ஓய்வு விழாவில் "முறுக்கு மீசை வேங்கையே" என்று வாசித்துவிட்டேன். அவருடைய கணவர்தான் முதலில் கை தட்டினார். இந்தத் தொழிலில்தான் வீட்டுக்குப் பளிங்குத் தரை வந்தது, இரண்டு அறைக்கு ஏசி வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை.

இந்த மடல் சண்முகநாதன் ஐயாவுக்கு. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏர்கான், அதாவது நம் ஏசி, பழுதுபார்க்கும் கம்பெனி வைத்திருக்கிறார். மனைவி எங்கள் ஊர்க்காரர். மைத்துனர் வீட்டுக் கூடத்தில் தொங்கிய என் மடலைப் பார்த்தவர், தன் அறுபதாம் பிறந்தநாளுக்கும் ஒன்று வேண்டும், எழுதிய கவிஞரே நேரில் வந்து வாசிக்கவும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். விழா ஞாயிறு மதியம், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில். நான் போய்ச் சேர்ந்தது வியாழன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பகுதியில் அறை. கீழே இறங்கினால் மல்லிகைப் பூ, கறிவேப்பிலை, பழனிப் பஞ்சாமிர்தம். எங்கள் ஊர்க் கடைவீதியைக் கழுவித் துடைத்து, மாட்டை மட்டும் எடுத்துவிட்டு வைத்த மாதிரி இருந்தது. உணவு அங்காடியில் 'தே தாரிக்' என்கிற ஆற்றிய டீயும் பரோட்டாவும் வாங்கி உட்கார்ந்தேன். மேசை துடைத்த சீனத்து அம்மா தட்டைக் காட்டி, கையைக் காட்டி, விரலை ஆட்டி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் விளக்கினார்: "தட்டை நீங்களே எடுத்து வைக்கணுமாம், இல்லேன்னா ஃபைன்." அந்தக் கடைசிச் சொல் எனக்கு நன்றாகப் புரியும். சாப்பிட்டதும் என் தட்டை எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று எதிரே ஆளில்லாமல் கிடந்த தட்டையும் எடுத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன். தண்ணீர்ப் புட்டியோடு ஓர் இளைஞர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "அண்ணே, இங்க என் பிரியாணி பாத்தீங்களா? பாதிகூட சாப்பிடல லா!" பேச்சின் வாலில் 'லா' ஒட்டுவது இந்த ஊர் வழக்காம். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். சிங்கப்பூரில் நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

கைபேசி அடித்தது. உள்ளூர் எண்.

"டேய் மூர்த்தி! சிங்கப்பூருக்கு வந்துட்டு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா?"

சகாயராஜ். இருபத்தெட்டு வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். இப்போது கிராஞ்சியில் ஒரு செடிப்பண்ணையில். இவன் கண்ணில் படாமல் நான்கு நாளை ஓட்டிவிட்டுப் போய்விட வேண்டும் என்று விமானத்தில் ஒரு விநாயகர் விடாமல் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"செல்வி எங்கக்காகிட்ட சொல்லிருக்கு. கவியரங்கமாம்ல?"

செல்வி என் மனைவி. பிறந்தநாளுக்குப் பாட்டுப் படிக்கப் போகிறார் என்று சொல்ல அவளுக்கும் கூச்சம்; எனவே கவியரங்கம். "ஆமாடா, ஒரு மாதிரி" என்றேன்.

"எங்க, எப்ப? நம்ம பசங்க நாலு பேரக் கூட்டிட்டு வர்றேன்."

பொய் சொல்வதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வரும். மண்டபத்தையும் நேரத்தையும் உள்ளபடியே சொல்லிவிட்டேன்.

சகாயராஜும் நானும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். இருபத்திரண்டு வயதில் 'கரித்துண்டு' என்று ஒரு கவிதைப் பத்திரிகை நடத்தினோம். நடத்தினோம் என்றால், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் அவர் இயந்திரத்தில் அவர் மையைப் போட்டு அடித்தோம். நான்கு இதழ் வந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு சபதம்: உயிரோடிருக்கும் எவனையும் புகழ்ந்து ஒரு வரியும் எழுத மாட்டோம். எங்களிடம் புகழ்ச்சி கேட்டு அப்போது யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

சகாயராஜின் அப்பா கிணறு வெட்டுகிறவர். பாறைக்கு வைத்த வெடி தாமதமாக வெடித்தது. அவர் கிணற்றுக்குள் இருந்தார். நான்காவது இதழில் அவருக்காக நான் எழுதியது இது:

கிணறு வெட்டியவனின் கைரேகை
தண்ணீருக்குள் இருக்கிறது.
குடிப்பவர்கள் அண்ணாந்து குடிக்கிறார்கள்.

வாழ்நாளில் நான் எழுதிய கவிதை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைவிட நீளம்.

அவன் வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய இரண்டு அக்காமார் இருந்தார்கள். சகாயராஜ் சிங்கப்பூருக்குக் கிளம்பினான். பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போறேன். நீ எழுது. எனக்கும் சேத்து எழுது" என்றான். அவன் குடும்பம் திருச்சிக்குப் போய்விட்டதால் விடுமுறையில் வந்தாலும் அங்கேதான் வருவான். போனில் கேட்பான்: "எழுதுறியாடா?" நான் சொல்வேன்: "எழுதிக்கிட்டுதான் இருக்கேன்." அது பொய் இல்லை.

முதன்முதலில் ஒரு கவுன்சிலருக்கு மடல் கேட்டார்கள். எனக்கு ஆரம்பமே வரவில்லை. கையிலிருந்த மூன்று வரியை எடுத்தேன். 'அண்ணாந்து' என்பதை 'வாழ்த்தி' என்று மாற்றினேன். 'குடிப்பவர்கள் வாழ்த்திக் குடிக்கிறார்கள்.' வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. கவுன்சிலர் கண் கலங்கிப்போனார். அன்றிலிருந்து என் பதினான்கு மாதிரிகளும் அந்தக் கிணற்றில்தான் தொடங்குகின்றன. சண்முகநாதன் ஐயாவின் மடலும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை ஐயாவின் வீட்டில் காலைச் சாப்பாடு. ஏர்கான்காரர் வீடு அல்லவா, இட்லி தட்டுக்கு வருவதற்குள் ஆறிவிட்டது. மகள் மீனாதான் விழாப் பொறுப்பு. மேடையில் வாசிக்கும்போது அந்த மூன்று வரியை எப்படி எடுப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவனை அவரே முந்திக்கொண்டார்.

"அங்கிள், நீங்க அனுப்புனது ஃபார்ட்டி லைன்ஸ். ரொம்ப லாங் லா. அந்தக் கிணறு பார்ட் மட்டும் வச்சுட்டு மத்தத கட் பண்ணிடலாமா?"

"இல்லம்மா, அந்தக் கிணத்தத்தான் எடுத்துடலாம்னு நான்..."

"எப்படி எடுக்கிறது? ஆல்ரெடி பிரிண்ட் பண்ணியாச்சே!"

ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். விருந்தாளிகளுக்குக் கொடுக்க முந்நூறு முறுக்குப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் பளபளவென்று ஒரு சீட்டு. சீட்டில் என் மூன்று வரி. கீழே ஐயாவின் பெயர், ஒரு ரோஜாப்பூ. 'கரித்துண்டு' நான்கு இதழும் சேர்ந்து நூற்றைம்பது பிரதி போயிருக்காது.

ஐயா ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "நான் கிணத்தையே சரியா பாத்ததில்ல கவிஞரே. இங்க பைப்பத் தொறந்தா தண்ணி. ஆனா இதப் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கப்பா கால்வாய் வெட்டுன ஆளு. நீங்க யாரை நெனச்சு எழுதுனீங்க?"

தப்பிக்க எனக்குக் கிடைத்த ஒரே கதவு அது. "உங்களத்தான் ஐயா" என்றேன்.

சனிக்கிழமை முடிவு செய்தேன்: கிராஞ்சிக்குப் போய் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. 'டோபி காட்' நிலையத்தில் ரயில் மாற வேண்டும் என்றார்கள். அந்த நிலையம் பூமிக்குள் அடுக்கடுக்காக இறங்குகிறது. மூன்று பாதை, எந்தப் படிக்கட்டு எங்கே துப்பும் என்று தெரியாது. ரயிலில் தமிழில் அறிவிப்பு வருகிறது. எங்கள் ஊர் மேடைத் தமிழைவிடச் சுத்தம். அதைப் போலவே யாரும் காது கொடுப்பதில்லை. நான் கொடுத்தேன், அப்படியும் தவறான பக்கத்தில் நின்றேன். தமிழ்ப் பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். "கிராஞ்சியா? இது கடல் பக்கம் போற ரயில் லா தம்பி. அந்தப் பக்கம் போய் நில்லுங்க." கடல் பக்கமே போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கிராஞ்சியில் பேருந்து எப்போதாவதுதான் வரும் போலிருக்கிறது. காத்திருந்து காத்திருந்து அவனுக்கே போன் செய்தேன். ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நரைத்த தலை எழுந்து, "ஏறுடா கவிஞா!" என்று கத்தியது. ஏற எனக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவன் ஒரே தாவில் இறங்கினான், ஏறினான். எனக்குத் தொப்பை, அவனுக்கு நரம்பு.

பண்ணையில் வலைக்கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக ஆர்க்கிட் தொட்டிகள். வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த நான்கு பேரைக் கூப்பிட்டான். "டேய், நான் சொல்லுவேன்ல, இவன்தான்."

அவர்களில் குமார் என்று ஒருவர், புதுக்கோட்டைக்காரர், கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை உயரே தூக்கி வாயில் ஊற்றினார். மற்ற மூன்று பேரும் மாதா கோயிலில் பதில் ஜெபம் சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னார்கள்: "குடிப்பவர்கள் அண்ணாந்து குடிக்கிறார்கள்!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது; பயத்தில்.

"இங்க யாரு தண்ணி குடிச்சாலும் இதான் அண்ணே" என்று குமார் சிரித்தார். "வந்த புதுசுல சகாயம் அண்ணன் முழுசையும் மனப்பாடம் பண்ணச் சொல்லுவாரு. பண்ணலேன்னா டீ கெடையாது."

சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். யாரோ அதில் ஒரு ரம்புத்தான் பழத்தைத் திணித்தார்கள். திரும்பும்போது மட்டும், "நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும்டா" என்றேன்.

"எது?"

"கவியரங்கம்."

"நீ மேடைக்குப் பயந்தவன்தானடா எப்பவும்" என்று முதுகில் தட்டினான். "நாங்க பின்னாடி இருப்போம். எங்களப் பாத்துப் படி."

ஞாயிறு. மண்டபத்தில் கண்ணாடி விளக்கு, கேக், நாதஸ்வரம் பாதி, டிஜே பாதி. பட்டுப் புடவையில் பேத்திகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சகாயராஜ் மேடையில் கவிஞர்களைத் தேடினான். நான் ஒருவன்தான் இருந்தேன், கேக்குக்குப் பக்கத்தில்.

எனக்குப் பொன்னாடை போர்த்தி, 'கவிச்சுடர்' என்று ஒரு பட்டமும் கொடுத்து, கையில் மைக்கைத் தந்தார்கள். முன்தினம் ரயிலிலேயே ஒரு தந்திரம் யோசித்து வைத்திருந்தேன்: கிணற்றைத் தாண்டிவிட்டு நான்காவது வரியிலிருந்து தொடங்குவது. அப்படியே 'வான்மழையே, வள்ளலே' என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். எட்டு வரியில் முடித்தேன். கை தட்டினார்கள். பிழைத்தேன் என்று சட்டம் போட்ட மடலை ஐயா கையில் கொடுத்துவிட்டு மைக்கை நீட்டினேன். மீனா வாங்கினார்.

"அங்கிள், அப்பாவோட ஃபேவரிட் லைன மிஸ் பண்ணிட்டீங்க! இட்ஸ் ஓகே. எல்லாரும் டோர் கிஃப்ட்ட எடுங்க, அதுமேல இருக்கு. அப்பாவுக்காக ஒண்ணாச் சேந்து படிக்கலாமா? ஒன், டூ, த்ரீ!"

முந்நூறு பொட்டலங்கள் சரசரத்தன. முந்நூறு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இழுத்துப் படித்தார்கள். கிணறு வெட்டியவனின் கைரேகை. தண்ணீருக்குள் இருக்கிறது. குடிப்பவர்கள்...

"வாழ்த்தி" என்றது மண்டபம்.

"அண்ணாந்து" என்றன கடைசி வரிசையிலிருந்து நான்கு குரல்கள், பழக்கத்தில், உரக்க.

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். குமார் பொட்டலத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சகாயராஜ் மட்டும் எதுவும் படிக்கவில்லை. அவன் பொட்டலத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எனக்கும் ஐயாவுக்கும் நடுவில் இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு மேசைக்கு நானே போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். ஓடிவிட முடியாது, பொன்னாடை தடுக்கும். நான்கு பேரும் தலையைக் குனிந்து பிரியாணி சாப்பிட்டார்கள். அவன் தட்டில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவரு கிணறு வெட்டுனாராடா?"

"உருவகம்டா" என்றேன்.

"எங்கப்பா உருவகமாவாடா செத்தாரு?"

பக்கத்து மேசையில் யாரோ ஐஸ்கிரீம் கேட்டார்கள். குமார் எழுந்து எல்லாருக்கும் தண்ணீர் எடுத்து வரப் போனார், யாரும் கேட்கவில்லை.

"எத்தன பேருக்குடா குடுத்த?"

"ஞாபகம் இல்ல."

"எல்லாம் உயிரோட இருக்கவங்களுக்கா?"

தலையாட்டினேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஊருக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவன் பொட்டலத்திலிருந்து சீட்டை ஓரத்தில் நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்தான். தாளைத் தடவிப் பார்த்தான். "பேப்பர் நல்லாருக்கு. நம்ம இதழ்ல மை அப்பிக் கெடக்கும். நான் வச்சிருந்த ஒண்ணும் லாரில வரையில மழைல நனஞ்சு கூழாப் போச்சு. அதுக்கப்புறம் கல்லறைத் திருநாளுக்கு வாயாலதான் சொல்லிக்கிறேன்."

கையை நீட்டினான். என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொடுத்தேன். 'வாழ்த்தி'யை ஒரு கோடு அடித்து, மேலே 'அண்ணாந்து' என்று எழுதினான். அச்சகத்தில் பிழை திருத்துகிற அதே எழுத்து, மாறவே இல்லை. பிறகு கீழே இருந்த பெயரையும் ரோஜாப்பூவையும் மடித்துக் கிழித்துத் தட்டோரம் வைத்தான். மிச்சத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

"வர்றேன்டா. நாலு மணிக்கு லாரி."

"சகாயம்..."

"முறுக்க நீ எடுத்துக்க. எனக்குப் பல்லு சரியில்ல."

திங்கட்கிழமை விமான நிலையத்தில் கட்டைவிரலை வைத்தேன். முதல் தடவையிலேயே பச்சை. வெளியே போகிறவன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை போலும்.

ஊருக்கு வந்ததும் பதினான்கு மாதிரியிலும் அந்த மூன்று வரியை அடித்துவிட்டேன். பெரிய வீரம் எதுவும் இல்லை; நேர்த்தியாக, அளவுகோல் வைத்து அடித்தேன். வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஒரு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. போன வாரம் ஒரு நகைக்கடைக்காரர் தம்பி கல்யாணத்துக்கு மடல் வாங்க வந்தார். நின்றபடியே படித்தார். "முன்னாடியெல்லாம் எடுத்த எடுப்புல கிணறு, தண்ணின்னு என்னமோ வருமே கவிஞரே? அது இல்லாம இப்பத்தான் மங்களகரமா இருக்கு" என்றார். நன்றி சொன்னேன். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நாக்கு வறண்டது. செம்பை எடுத்தேன். இப்போதெல்லாம் அண்ணாந்து குடிக்க முடிவதில்லை, புரையேறிவிடுகிறது. வாய் வைத்துத்தான் குடிக்கிறேன், செம்புக்குள்ளே பார்த்துக்கொண்டு. செல்விக்குப் பிடிக்கவில்லை.

"எத்தன வயசு ஆச்சு, சின்னப் பிள்ளையாட்டம் செம்ப எச்சில் பண்ணிக்கிட்டு" என்கிறாள். "தண்ணிக்குள்ள அப்படி என்னதான் பாக்குறீங்க?"